ஒன்பதாம் பெட்டியின் ரப்பர்

மே 12

எதற்கெடுத்தாலும் வாதாடும் என் அன்புத் தங்கை வக்கீலம்மாவுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், இருமல்கூட விட்டுவிட்டது. நீ, உன் அண்ணி, என் மகள் சின்னவள் மூன்று பேரும் சண்டை சச்சரவில்லாமல் சுகம்தானே? இந்தக் கடிதத்தை அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசி. வழக்கம்போல் நடுநடுவே உன் விளக்கவுரையைச் சேர்க்காதே.

போன மழையில் கூரை ஒழுகும் எங்கள் பெயின்ட் தின்னர் நிரப்பும் கூடத்தில் பம்ப் பம்பாக நின்றுபோனதை எழுதியிருந்தேன் அல்லவா? உங்கள் பட்டறையில் நீங்கள் பூட்டி அனுப்பிய, பம்ப் ஸ்விட்சுகளை உள்ளே வைத்த பதினாலு ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிகள்தான் காரணம். அலுமினிய வார்ப்பு, மூடிக்கு இருபது போல்ட், இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசையும். இவ்வளவு படாடோபம் இருந்தும் உள்ளே தண்ணீர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எலக்ட்ரீஷியனே, அடுத்த மழைக்கும் பம்ப் நின்னுச்சுன்னா நீயும் நிக்க வேண்டியதுதான், கேட்டுக்கு வெளியில" என்றார்.

விடுவேனா? டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே நூல் போல் ஓர் இடைவெளி. அட, இவ்வளவுதானா என்று மூன்று மில்லிமீட்டர் ரப்பர் ஷீட்டை விளிம்பளவுக்கு வெட்டி, போல்ட் துளை போட்டு, பதினாலு பெட்டிக்கும் வைத்து இறுக்கிவிட்டேன். ஒரு மாதம் முதுகு ஒடிந்தது. இனி தண்ணீர் என்ன, எறும்பு நுழையாது. தின்னர் ஆவியும் நுழையாது. மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் என் தோளில் தட்டி, "இவனுக்கு மூளை இருக்குய்யா" என்றார். எனக்கே புதுச் செய்தி.

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்டில் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசருக்குக் குடும்ப குவார்ட்டர்ஸ் உண்டு. இரண்டு அறை, தனிக் குழாய். நாலு வருடமாக எட்டுப் பேர் குறட்டையில் படுக்கிறவனுக்கு அது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார். அண்ணியைத் துணிமணி எடுத்து வைக்கச் சொல்.

எல்லோருக்கும் என் அன்பு.
அண்ணன்

மே 19

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோர் உடம்பும் நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தைப் பாதி வரைதான் சத்தமாக வாசித்தேன். ரப்பர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அண்ணி, "என்ன, எழுத்து புரியலையா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குவார்ட்டர்ஸ் பகுதிக்குத் தாவினேன். அவள் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணா, அந்த ரப்பரை உடனே எடு.

அந்தப் பெட்டி ஆவியை வெளியே நிறுத்தச் செய்ததே இல்லை. ஆவி எப்படியும் உள்ளே போகும். உள்ளே பம்பை ஓட்டும் கான்டாக்டர் ஸ்விட்ச் ஒட்டும்போதெல்லாம் பொறி பறக்கும். ஒரு நாள் ஆவியும் பொறியும் சேர்ந்து பெட்டிக்குள் வெடிக்கும். வெடித்துக்கொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு கனமாக வார்க்கிறோம். அந்த நெருப்பு வெளியே வர இருப்பது நீ டார்ச் அடித்துப் பார்த்த நூல் இடைவெளி மட்டும்தான். இரண்டு பக்கமும் வழவழவென்று கடைந்த உலோகம். அந்த இடுக்கில் ஒரு விரல் அகல தூரம் ஊர்ந்து வருவதற்குள் நெருப்பு சூடு இழந்து செத்துவிடும். வெளியே வருவது வெறும் காற்றும் புகையும்தான். கூடத்தில் தின்னர் ஆவி நிறைந்திருந்தாலும் பற்றாது.

நீ அந்த இடத்தில் ரப்பரைச் செருகிவிட்டாய். வெடித்தால் ரப்பர் பிய்த்துக்கொண்டு போகும். நூல் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் திறப்பாகிவிடும். நெருப்பு சாகாமல் முழுசாக வரும். அப்புறம் அந்தக் கூடத்தில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

நான் கடைசிச் சோதனை மேசையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மெல்லிய தகட்டை அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. தகடு நுழைந்தால் இடைவெளி அதிகம், பெட்டியைத் திருப்பி அனுப்புவேன். விளிம்பில் நகக்கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். பட்டறையில் எனக்கு "திருப்பியம்மா" என்று பெயர். உன் பெட்டிகள் பதினாலையும் நானேதான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், எடுத்துவிடு. எடுக்கும்போது இரும்பால் சுரண்டாதே, மரக்குச்சியால் தள்ளு.

எடுத்ததும் ஒரு வரி எழுது.
தங்கை

ஜூன் 2

திருப்பியம்மாவுக்கு,

நலமா? நான் நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும் வரைக்கும்.

ஒரு வேலையை நான் உருப்படியாகச் செய்துவிட்டால் உனக்கு அடுக்காதே! சின்ன வயதில் நான் ரேடியோவைக் கழற்றி மாட்டியபோதும் இதே பாட்டுத்தான் பாடினாய். நான் பதினைந்து வருட எலக்ட்ரீஷியன். நீ ஃபேன் காற்றில் உட்கார்ந்து தகட்டை நுழைக்கிறவள். உங்கள் பட்டறையில் பெட்டி வெடிப்பதைப் பார்த்திருக்கலாம். இங்கே வேலை நடக்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும். முதலில் தண்ணீர் புகாத பெட்டியாகச் செய்து அனுப்புங்கள், பிறகு பாடம் நடத்தலாம்.

மார்ச்சிலிருந்து பதினாலும் ஜம்மென்று ஓடுகின்றன. ஒன்பதாம் பெட்டியில் மட்டும் ரப்பர் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே பிதுங்கியிருந்தது. சரியாக இறுக்கவில்லை போலிருக்கிறது. தட்டி உள்ளே தள்ளி, போல்ட்டை இன்னும் கால் சுற்று திருகினேன். முடிந்தது கதை. இதற்குப் போய் யாரும் மிஞ்ச மாட்டார்கள், அது இது என்று வாயில் வந்ததை எழுதுகிறாய்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அண்ணியும் சின்னவளும் இங்கே வந்துவிட்டால் உனக்கு அந்த வீடு வெறிச்சென்று போகும். அது எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக ரப்பர் மேல் பழி போடாதே. நாலு வருடத்தில் என் மகளை நான் பார்த்தது மொத்தம் எழுபது நாள்.

சின்னவளுக்கு முத்தம்.
அண்ணன்

ஜூன் 8

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை.

நீ எழுதியது உண்மைதான். அவர்கள் போனால் இந்த வீட்டில் நான் சுவரோடுதான் பேசுவேன். அதை நினைத்து இரண்டு முறை அழுதேன், போதுமா? இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

ஒன்பதாம் பெட்டியில் பிதுங்கிய ரப்பரின் உள் ஓரம் கறுத்திருந்ததா? கருகின வாடை வந்ததா? அது பிதுங்குவதற்கு முன்னால் 'தொப்' என்று ஏதாவது சத்தம் கேட்டதா?

இருபது போல்ட் இறுக்கிய ரப்பர் தானாக ஒரு சாண் வெளியே வராது. உள்ளேயிருந்து ஏதாவது தள்ள வேண்டும். நன்றாக யோசித்துப் பதில் எழுது.

நாலு நாள் லீவு கேட்டேன், நானே வந்து பார்க்கலாம் என்று. முதலாளி தரவில்லை. உங்கள் ஆபீஸுக்கு போன் செய்தேன். போன் இருப்பது மேனேஜர் மேசையில்தான் என்று தெரிந்தேதான் செய்தேன். "எலக்ட்ரீஷியனோட தங்கச்சி பேசுறேன், அந்தப் பெட்டிங்கள நிறுத்துங்க" என்றேன். "ஏம்மா, உங்க அண்ணன் ரப்பர் வெச்சா உங்க கம்பெனிக்கு நட்டமா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இன்னொரு முறையும் செய்தேன், எடுக்கவில்லை.

கறுத்திருந்ததா?
தங்கை

ஜூன் 27

தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம், அங்கே நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால் தாமதம்.

நீ போன் செய்து என் மானத்தைக் கப்பலேற்றினது ஊர் முழுக்கத் தெரியும். மேனேஜர் கேன்டீனில் வைத்து, "உன் தங்கச்சிகிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் இனிமே ஸ்விட்ச் போடணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பம்ப் ஆபரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். அவன்தான் நாள் முழுக்க அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிறவன்.

குவார்ட்டர்ஸைப் போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்திருக்கிறார்கள். சமையலறையில் கிழக்கே ஒரு ஜன்னல், கம்பி கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, தேய்த்துவிடலாம். வாசலில் சின்னவள் மூன்று சக்கர வண்டி ஓட்ட இடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். அலமாரிக்குக் கதவு இல்லை, நானே செய்துவிடுவேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. நாலாம் பம்ப் இரண்டு முறை நின்றது, அது வேறு காரணம்.

நீ சொன்னபடி ரப்பரை எல்லாம் எடுத்துவிட்டேன்.

அண்ணிக்குப் பச்சை நிறம் பிடிக்குமா, நீலமா என்று கேட்டுச் சொல். அலமாரிக்கு அடிக்க வேண்டும்.
அண்ணன்

ஜூலை 3

அண்ணாவுக்கு,

உடம்பு பரவாயில்லையா? இங்கே சின்னவளுக்கு ஒரு பல் விழுந்தது. அண்ணிக்கு நீலம்தான் பிடிக்கும். உன்னைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது, இதுகூடத் தெரியாதா என்று கேட்கச் சொன்னாள்.

நீ ரப்பரை எடுக்கவில்லை.

ஒரு பெட்டிக்கு இருபது போல்ட். பதினாலு பெட்டிக்கு இருநூற்றெண்பது. அதைக் கழற்றி மாட்டியிருந்தால் கை வலி, முதுகு வலி, தொலைந்துபோன ஸ்பேனர், திட்டின மேனேஜர் என்று எனக்கு ஆறு பக்கம் எழுதியிருப்பாய். போன வருடம் ஒரு பல்பு மாற்றியதற்கே ஒரு பக்கம் எழுதினவன் நீ. ஜன்னல் கம்பித் துருவுக்கு இவ்வளவு எழுதிவிட்டு இதற்கு ஒற்றை வரி. யாரிடம் விடுகிறாய் கதை? நான் கேட்ட மற்றதற்கும் பதில் இல்லை. பதில் இல்லாததையே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நாலாம் பம்ப் ஏன் நின்றது? மழையில் நின்றது, தண்ணீரால்தானே? ரப்பர் இருந்தும் தண்ணீர் போகிறது என்றால் அது மூடி வழியாகப் போகவில்லை, அப்போதும் போகவில்லை. நீ ஒரு மாதம் முதுகை ஒடித்துக்கொண்டது தப்பான இடத்தில். எங்கே போகிறது என்று நான் மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். பெட்டியின் தலைப்பக்கம் கேபிள் நுழையாத இரண்டு துளைகள் உண்டு. அவற்றைப் பித்தளை பிளக்கால் திருகி அடைத்திருப்போம். அந்த பிளக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார். சும்மா சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு எழுதாதே, பெயின்ட்டைச் சுரண்டிப் பார்.

உடனே எழுது.
தங்கை

ஜூலை 11

மாண்புமிகு சோதனை அதிகாரி அவர்களுக்கு,

பரிபூரண நலம். இவ்வளவு நலமாக நான் சமீபத்தில் இருந்ததே இல்லை.

சுரண்டினேன். பித்தளை இல்லை, பிளாஸ்டிக்! பச்சை பிளாஸ்டிக் மூடி, மேலே சாம்பல் பெயின்ட். சூட்டில் சுருங்கி வெடித்து, விரல் நுழைகிற ஓட்டை. ஒன்றில் இல்லை, பதினாலு பெட்டியிலும், பெட்டிக்கு இரண்டு வீதம். பெயின்ட் அடிக்கும்போது மரையில் வழியாமலிருக்கச் செருகுகிற மூடிதானே அது? எடுத்துவிட்டுப் பித்தளை போட வேண்டாமா? அப்படியே பெயின்ட் அடித்து, அப்படியே லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள்.

ஸ்டோரில் போய்ச் சோதனைத் தாளைத் தேடி எடுத்தேன். 'அடைப்பு பிளக்குகள் – சரி' என்று பதினாலு டிக். அடியில் கையெழுத்து, முத்து முத்தாக. யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? என்னை இத்தனை நாள் எண்ணெய்க் கொப்பரையில் போட்டு வறுத்தாயே தாயே!

சரி, சண்டை வேண்டாம். இரண்டு பேரும் அடிபட்டால் சமன். இப்படிச் செய்வோம். ரப்பரைப் பற்றி நீ மூச்சு விடாதே, மூடியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. இருபத்தெட்டுப் பித்தளை பிளக்கை ஒரு பார்சலில் எனக்கு அனுப்பிவிடு, நானே கமுக்கமாக மாட்டிக்கொள்கிறேன். தண்ணீர் நின்றுவிடும். ஆகஸ்ட் முடியட்டும், ஆர்டர் கைக்கு வரட்டும், ரப்பரையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறேன், சத்தியமாக. உன் வேலையும் இருக்கும், என் வீடும் இருக்கும். யாருக்கும் எந்தக் கேடும் இல்லை.

சின்னவளின் பல்லைப் பத்திரப்படுத்தி வை, வந்து பார்க்கிறேன்.
அண்ணன்

ஜூலை 30

அண்ணாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் தினம் மூன்று வேளை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை நான். உன் கடிதத்தை மடித்து டிபன் பாக்ஸ் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். சோதனையன்று நான் மூடியின் நிறத்தைத்தான் பார்த்தேன், தொட்டுப் பார்க்கவில்லை. சாம்பல் நிறப் பெட்டியில் சாம்பல் நிற பிளக், சரி, டிக். அன்றைக்கு லாரி வந்து நின்றுகொண்டிருந்தது, எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். ஆனால் என்னை யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நகக்கீறலுக்குப் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற நான், விரல் நுழைகிற ஓட்டைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது அண்ணா. உன் யோசனையும் இனித்தது. பார்சல் கட்ட அட்டைப்பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். பத்து நாளில் அந்த பம்ப் ஆபரேட்டர் எத்தனை முறை ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தியிருப்பான்? ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பொறி. அதோடு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டேன்.

முதலாளியிடம் போனேன். "ஆளனுப்பி பிளக்க மாத்திடலாம்மா. எழுத்துல எதுவும் வேணாம், பேரு கெட்டுடும்" என்றார்.

"பிளக் மட்டும் இல்ல சார், உள்ள ரப்பர் இருக்கு. பெட்டிங்க ஓடவே கூடாது. எழுதித்தான் ஆகணும்."

"எழுதுனா உன் பேருதான் முதல்ல வரும், தெரியுதா?"

"என் பேருலதான் எழுதப் போறேன்."

கம்பெனித் தாள் தரவில்லை. சின்னவளின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்தேன். 'பதினாலு பெட்டிகளையும் சரியாகப் பார்க்காமல் கையெழுத்திட்டவள் நான். அவற்றில் பிளாஸ்டிக் அடைப்பும், விளிம்பில் ரப்பரும் இருக்கின்றன. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள்' என்று எழுதி, ஒன்று உங்கள் மேனேஜருக்கும் ஒன்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். ரப்பரை யார் வைத்தது என்று எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் வீட்டை நான் உடைத்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மறுபடி கேட்டாலும் இதைத்தான் செய்வேன்.
தங்கை

இதன் கீழே நான் எழுதுகிறேன், உங்கள் மனைவி. அவளுக்கு வேலை போய் ஐந்து நாளாகிறது. அதை உங்களுக்கு எழுத மாட்டாளாம், கௌரவம். நீங்கள் ரப்பர் வைத்த கதையை எனக்கு மே மாதத்திலிருந்தே மறைத்திருக்கிறாள், அதற்கு அவளோடு தனிச் சண்டை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீல அலமாரி, கிழக்கு ஜன்னல் எல்லாம் சரி. அந்த இரண்டு அறையில் உங்கள் போட்டோவோடு நான் குடித்தனம் நடத்துவதற்கா வரச் சொல்கிறீர்கள்? ஒன்பதாம் பெட்டி கறுத்திருந்ததா என்று இவள் கேட்டு ஐம்பது நாளாகிறது. நானும் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 14

தங்கைக்கும் அவளோடு சேர்ந்துகொண்ட என் மனைவிக்கும்,

உயிரோடு இருக்கிறேன். கன்னம் மட்டும் வீங்கியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கறுத்திருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள். ஒன்பதாம் பம்பைச் சோதிக்க நானேதான் பட்டனை அழுத்தினேன். உள்ளே 'தொப்' என்றது, யாரோ தலையணையால் அடித்த மாதிரி. ரப்பர் நாக்கை நீட்டியது. ஓரமெல்லாம் கரி. விளிம்பில் ஒரு சாண் நீலமாக நெருப்பு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். முந்தின நாள் ஆவி பெட்டிக்குள் தங்கியிருந்திருக்கிறது. அன்று தின்னர் லாரி வரவில்லை, கூடம் காலி, கதவெல்லாம் திறந்து கிடந்தது. லாரி வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அதைத் தட்டி உள்ளே தள்ளினேன். அடுத்த வாரம் உனக்கு 'முடிந்தது கதை' என்று எழுதினேன். குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸ் என்று என் கண்ணை அது மறைத்துவிட்டது.

உன் ரிஜிஸ்டர் தபால் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். டிராயரில் போட்டுப் பூட்டினார். "இத நீயும் பாக்கல, நானும் பாக்கல. நாளைக்கு உன் சூப்பர்வைசர் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன்" என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆமாம், தலையாட்டினேன், மறைக்கவில்லை.

கூடத்துக்குள் லாரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. ஹோஸ் மாட்டிவிட்டார்கள். பம்ப் ஆபரேட்டர் ஒன்பதாம் பெட்டிக்கு முன்னால் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பட்டனில் விரலை வைத்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "கைய எடுடா!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது. வெளியே ஸ்விட்ச் ரூமுக்கு ஓடி, கூடத்தின் மெயினை இழுத்து, பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஓடி வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். ரப்பர் வைத்தது நான், நெருப்பைப் பார்த்தது நான், மறைத்தது நான்.

பம்ப் ஆபரேட்டர், "ரெண்டரை மாசமாவா என்ன அதுக்கு முன்னால நிக்க வெச்ச?" என்று ஓங்கி அறைந்தான். நியாயமான அறை. பிறகு ஸ்விட்ச் ரூம் வாசலில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டான். லாரி டிரைவரும் உட்கார்ந்தார்.

மேனேஜர் வந்து, "சாவியக் குடு" என்றார்.

"குடுக்க மாட்டேன் சார்."

"ஆர்டர் கிழிஞ்சிரும்."

"கிழிங்க சார். டிராயர்ல இருக்கற லெட்டரக் கிழிக்காதீங்க. அது என் தங்கச்சி எழுதுனது."

பம்ப் ஆபரேட்டர் எழுந்து நின்று, "இவன் குடுத்தாலும் நான் பட்டன அமுக்க மாட்டேன். நீங்க வேணா வந்து அமுக்குங்க" என்றான். மேனேஜர் அமுக்க வரவில்லை.

நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார், கையில் உன் நோட்டுத் தாளோடு. மூடியைக் கழற்றச் சொன்னார். கரியை விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "இத எழுதுன பொண்ண வரச் சொல்லுங்க. பதினாலையும் அவங்களே என் முன்னால பாக்கணும்" என்றார். அதுவரைக்கும் கூடத்துக்குச் சீல்.

எனக்கு சஸ்பென்ஷன். குவார்ட்டர்ஸை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நீல பெயின்ட் டப்பா என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு பேரும் மன்னித்துவிடுங்கள்.
அண்ணன்

ஆகஸ்ட் 21

அண்ணாவுக்கு,

கன்ன வீக்கம் வற்றிவிட்டதா? அந்த பம்ப் ஆபரேட்டருக்கு என் வணக்கத்தைச் சொல். நானே வந்து அறைய வேண்டியதை அவர் முடித்துவிட்டார்.

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன், லாரி வரவில்லை என்கிற வரியை மட்டும் விட்டுவிட்டு. "எதையோ முழுங்கற" என்று பிடுங்கி அவளே வாசித்தாள். அன்றைக்கு முழுவதும் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

முதலாளி ஆள் அனுப்பினார், வேலையைத் திரும்பத் தருகிறாராம். "கம்பெனி பேருல போய்ப் பாத்துட்டு வந்துடும்மா, பெரிசு பண்ணாத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். 'பிளக் இருபத்தெட்டையும் கம்பெனி கொடுக்கட்டும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். போவது என் பேரில்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிளக்கும் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, சுரண்டிப் பார்த்துத்தான் பையில் போட்டேன். விளிம்பைப் பார்க்கத் தகடு, கண்ணாடி, துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நெருப்பு ஓடிய விளிம்பு அரித்திருக்கும். ஒன்பதாம் பெட்டியை இனி உதவாது என்று நான் தள்ளிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், மேனேஜர் என்ன குதித்தாலும். நான் வரும் வரைக்கும் யாரும் எதையும் சுத்தம் செய்ய வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறுகிறேன், சனிக்கிழமை மத்தியானம் கேட்டில் நிற்பேன். மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். அண்ணி உன்னோடு இனிமேல் பேச மாட்டாளாம். இந்த ஜென்மத்தில் இல்லையாம். அதை நேரில் வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஆறுமாம். காலையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.
தங்கை